பனிச்சாலையில் ஓர் இரவு தாங்குமா உங்கள் கார்?

பாகிஸ்தானின் தலைநகர் இஸ்லாமாபாத்துக்கு வடகிழக்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மர்ரி. ஆங்கிலேயர் காலத்து மலைவாசஸ்தலம். 2022 ஜனவரி முதல் வாரத்தில் அங்கே பனி கொட்டுகிறது என்ற செய்தி பரவியதும் சமவெளி நகரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காரில் கிளம்பினார்கள். ஜனவரி 7ஆம் தேதி இரவு பனிப்பொழிவு புயலாக மாறியது. மரங்கள் சாலையில் விழுந்தன. முன்னால் போன கார் நின்றது, பின்னால் வந்ததும் நின்றது. விடிந்தபோது நான்கு அடிப் பனிக்குள் கார்கள் புதைந்திருந்தன. குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் இறந்துபோயிருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.

இறந்தவர்களில் பலர் குளிரில் விறைத்து இறக்கவில்லை என்பதுதான் இந்தத் துயரத்தில் கவனிக்க வேண்டிய செய்தி. கதவையும் கண்ணாடியையும் இறுக மூடி, ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டு, கதகதப்பில் தூங்கிப்போனார்கள். புகைக்குழாயைப் பனி அடைத்தது. வெளியே போகவேண்டிய புகை காருக்குள் வந்தது. அதிலிருந்த கார்பன் மோனாக்சைடு அவர்களை எழவிடவில்லை.

பனியோடு வாழ்ந்து பழகாத சமவெளி மக்கள் அவர்கள். நம்மைப் போன்றவர்கள். டிசம்பர் விடுமுறையில் மணாலிக்கும் குல்மார்க்குக்கும் போகிற தமிழ்நாட்டுக் குடும்பங்களும், டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ குடியேறி முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் தமிழர்களும் மர்ரியை வேறு நாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டு நகரக் கூடாது. பனிநாட்டில் பிறந்தவர்கள் சிறுவயதிலேயே பார்த்துப் பழகிய விஷயங்களை வெயில் நாட்டவருக்கு யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அந்தச் சொல்லித்தரும் வேலையை ஏறக்குறைய யாருமே செய்வதில்லை.

முதலில் அந்தப் புகை விஷயம். ஜப்பானின் வாகன ஓட்டிகள் சங்கமான ஜாஃப் ஒரு சோதனை செய்து பார்த்தது. காரை பானெட் வரை பனியால் மூடி, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே கார்பன் மோனாக்சைடு அளவை அளந்தார்கள். 16 நிமிடத்தில் பத்து லட்சத்துக்கு 400 பங்கு என்ற அளவைத் தொட்டது. 22 நிமிடத்தில் 1,000 பங்கு. அந்தக் கருவியால் அளக்க முடிந்த உச்சம் அதுதான். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்த இன்னொரு காரிலும் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறியது. புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்றி வைத்த காரில் மட்டும் ஏறக்குறைய ஒன்றுமே பதிவாகவில்லை.

அரை மணி நேரம்கூட இல்லை. ஒருவர் கண்ணயர்ந்து குறட்டை விடத் தொடங்கும் நேரம் அவ்வளவுதான்.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலை வலிக்கும், குமட்டும், அசதியாக இருக்கும். பல மணி நேரம் காரில் அடைபட்டவருக்கு இதெல்லாம் பயணக் களைப்பாகத்தான் தோன்றும். அதனால் பனியில் கார் மாட்டிக்கொண்டால் செய்யவேண்டிய முதல் வேலை, கீழே இறங்கி சைலன்சரைச் சுற்றிலும் பனியை வாரி எறிவது. ஹீட்டரைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பனி விழுந்துகொண்டே இருந்தால் திரும்பத் திரும்ப இறங்கி வார வேண்டும். இன்ஜினைத் தொடர்ந்து ஓடவிடாமல் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் போல ஓட்டி, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கி, பிறகு அணைத்துவிட வேண்டும். காரில் இருப்பவர்களில் ஒருவராவது விழித்திருக்க வேண்டும். தூங்கும்போது இன்ஜின் ஓடவே கூடாது.

ஆகவே டிக்கியில் இருக்கவேண்டிய முதல் பொருள் ஒரு ஷவல். கைப்பிடி மடங்குகிற சிறிய ஷவல் போதும். வெறுங்கையால் பனியை வாரத் தொடங்கினால் சில நிமிடங்களிலேயே விரல்கள் மரத்துவிடும். கடும் பனிப்பொழிவில் டிக்கியைத் திறக்க முடியாமலும் போகலாம் என்பதால், பனி கொட்டும் என்று முன்னறிவிப்பு வந்த நாளில் அதைப் பின்சீட்டுக்குக் கீழே மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

நிர்வாகம் சரியில்லாத நாட்டில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று எண்ணுவது தவறு. மர்ரி விசாரணையில் அதிகாரிகளின் மெத்தனம் வெளிவந்தது உண்மைதான். வானிலை எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தும், பனி அகற்றும் வண்டிகள் ஓரிடத்தில் சும்மா நின்றிருந்தன. ஆனால் மர்ரிக்குச் சில நாள் முன்பு, 2022 ஜனவரி 3 அன்று, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஐ-95 நெடுஞ்சாலை முடங்கியது. நூற்றுக்கணக்கான வாகனங்கள் ஒரு முழு நாளுக்கும் மேல் நின்ற இடத்திலேயே நின்றன. மழையில் தொடங்கிய புயல் அது. உப்புநீரை முன்கூட்டியே தெளித்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும் என்று சாலைத்துறை தெளிக்கவில்லை. பின்னர் பனி வேகமாகக் கொட்டியது, கனரக லாரிகள் வழுக்கிக் குறுக்கே நின்றன. அமெரிக்க செனட்டர் டிம் கெய்னும் மாட்டிக்கொண்டார். ரிச்மண்டிலிருந்து வாஷிங்டனுக்குச் சாதாரணமாக இரண்டு மணி நேரம். அவருக்கு 27 மணி நேரம் ஆனது. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் கார் காராகப் போய்க் கொடுத்த ஆரஞ்சுப் பழத்தைப் பற்றிப் பிறகு நன்றியோடு பேசினார். பசியோடு நின்ற ஒரு தம்பதி, அருகில் நின்ற ரொட்டி லாரியின் நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்க, லாரியின் கதவு திறந்து சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ரொட்டி கிடைத்தது.

2017 மார்ச்சில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில், நெடுஞ்சாலை 13இல் சுமார் 300 வாகனங்கள் இரவு முழுவதும் சிக்கின. பனிக்குப் பேர்போன நகரத்தின் எல்லைக்குள்ளேயே நடந்தது இது. மாகாண முதல்வர் மன்னிப்புக் கேட்டார். 2024 ஜனவரியில் தெற்கு ஸ்வீடனின் இ-22 சாலையில் ஏறக்குறைய ஆயிரம் வாகனங்கள் அகப்பட்டு, ராணுவ உதவியோடு மக்கள் மீட்கப்பட்டார்கள். ஸ்வீடனில் குளிர்கால டயர் கட்டாயம், சாலைத்துறைக்கு அனுபவம் ஏராளம். அப்படியும் நடந்தது.

எனவே சாலை ஒருநாள் அடைபடும் என்று எண்ணித்தான் காரைத் தயார் செய்ய வேண்டும். போய்ச் சேர்வதற்கு மட்டும் தயாரானால் பாதித் தயாரிப்புதான் முடிந்திருக்கிறது. நின்ற இடத்தில் ஓர் இரவைக் கழிக்கவும் கார் தயாராக இருக்க வேண்டும்.

போய்ச் சேர்வதற்கான தயாரிப்பு பேட்டரியில் தொடங்குகிறது. மைனஸ் 18 டிகிரியில் காரின் சாதாரண பேட்டரிக்குப் பாதிப் பலம்கூட இருக்காது. அதே குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுழற்றவே கூடுதல் மின்சாரம் தேவைப்படும். கோடையில் தடுமாறாமல் ஸ்டார்ட் ஆன நான்கு வயதுப் பேட்டரி ஜனவரி விடியலில் கைவிடுவது இதனால்தான். குளிர் தொடங்குமுன் மெக்கானிக்கிடம் சோதித்துவிட வேண்டும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கவே கூடாது. தண்ணீர் உறையும்போது விரிவடைந்து இன்ஜினின் இரும்பையே வெடிக்க வைத்துவிடும். கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை உறையாது. கண்ணாடி கழுவும் தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பழகிய கைகளும் அங்கே பழக்கத்தை மாற்ற வேண்டும். ஓடுகிற காரின் முன்கண்ணாடியில் பீய்ச்சிய நொடியில் அது உறைந்து, ஓட்டுபவருக்கு எதிரே வெள்ளைத் திரை விழும். மைனஸ் 40 வரை உறையாத திரவம் பெட்ரோல் பங்க்கிலேயே விற்கிறது.

டயர் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் கணக்குப் பார்க்கிறார்கள். 'ஆல் சீசன்' என்று எழுதியிருக்கிறதே, வருடம் முழுவதும் போதாதா என்கிறார்கள். போதாது. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகும்போது அந்த ரப்பர் இறுகத் தொடங்கும், பிடிமானம் குறையும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும். மூன்று சிகர மலையும் அதற்குள் பனிச்சில்லும் பொறித்த முத்திரை டயரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். தமிழர்கள் மிகுதியாக வாழும் ஒண்டாரியோவில் கட்டாயமில்லை. போட்டால் காப்பீட்டில் தள்ளுபடி தரவேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. இரண்டு டயரை மட்டும் மாற்றிச் சமாளிப்பது ஆபத்து, நான்கையும் மாற்ற வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்ற தைரியமும் வேண்டாம். அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும். பிரேக் போடும்போது காப்பது டயர் ஒன்றுதான்.

பெட்ரோல் டேங்க் குளிர்காலத்தில் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. மாட்டிக்கொண்டால் எரிபொருள்தான் வெப்பம். டீசல் வண்டியில் வேறொரு சிக்கல்: கடுங்குளிரில் டீசலில் இருக்கும் மெழுகு கெட்டியாகி ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்கில் ஓட்டுநர்கள் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மைனஸ் 33 வரை கெட்டியாகாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில்தான் அங்கே கொண்டுவந்தது. சமவெளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு மலையேறுகிறவர்கள் உள்ளூர் பங்க்கில் விசாரித்து நிரப்புவது நல்லது. மின்சாரக் காரில் புகை பயம் இல்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் ஹீட்டர் பேட்டரியைத் தின்னும். கார் முழுவதையும் சூடாக்குவதைவிட இருக்கையை மட்டும் சூடாக்கிக்கொண்டால் நெடுநேரம் தாங்கும்.

ஓர் இரவைக் கழிக்கும் தயாரிப்பு இதைவிட மலிவானது. கனடா அரசு வெளியிட்டிருக்கும் அவசரப் பொருள் பட்டியலில் ஷவல், கெட்டுப்போகாத உணவு, குடிநீர், போர்வை, மாற்று உடையும் காலணியும், முதலுதவிப் பெட்டி, டார்ச், விசில், ஜம்பர் கேபிள், இழுவைக் கயிறு, எச்சரிக்கை விளக்கு என்று எல்லாம் இருக்கிறது. ஆழமான தகர டப்பாவுக்குள் வைத்த மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் அந்தப் பட்டியலில் உண்டு. சிறிய சுடர்தான், மூடிய காருக்குள் அதுவே குளிரின் கடுமையை ஓரளவு குறைக்கும். அதை ஏற்றும்போதும் கண்ணாடி சற்றுத் திறந்திருக்க வேண்டும், ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஒரு பை மணலும் வேண்டும். சுழன்று வழுக்கும் சக்கரத்துக்கு முன்னால் தூவினால் பிடிமானம் கிடைக்கும்.

பட்டியலில் உள்ள மாற்று உடையை நம் வீடுகள் தனியாகக் கவனிக்க வேண்டும். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியலுக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல் காரில் போகும் குடும்பங்கள் மண்டபத்துக்கு ஏற்றபடி உடுத்திக்கொண்டு கிளம்புகின்றன. பட்டுச் சேலை, வேட்டி, மெல்லிய செருப்பு. காருக்குள் ஹீட்டர் இருப்பதால் கனத்த கோட்டு வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுகிறார்கள். பயணம் நல்லபடி முடிந்தால் சரி. நடுவழியில் கார் நின்றால் அந்த உடையோடு கதவைத் திறந்து இறங்கவே முடியாது. சைலன்சரைச் சுற்றிப் பனியை வாருவது எங்கே? ஆளுக்கொரு பூட்ஸ், கையுறை, கம்பளித் தொப்பி என்று ஒரு மூட்டை டிக்கியில் கிடக்கட்டும். பாட்டி தாத்தா கூட வந்தால் அவர்களின் மருந்தும் ஒருநாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள் அதை டிக்கியில் வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. அது உடம்போடு ஒட்டி, கோட்டின் உட்பையில் இருக்க வேண்டும்.

காரை விட்டு இறங்கி நடக்கலாமா என்ற கேள்விக்குப் பனிநாட்டு மீட்புப் படையினர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: காரிலேயே இருங்கள். அருகில் வீடோ கடையோ கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் மட்டும் நடக்கலாம். பனிப்புயலில் பத்தடி தூரம்கூடத் தெரியாது, திசை மயங்கிவிடும். தேடி வருகிறவர்களுக்கும் ஒரு மனிதரைவிடக் காரைக் கண்டுபிடிப்பது எளிது. ஆன்டெனாவில் சிவப்புத் துணி கட்டுவது அதற்காகத்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய முடிவு, கிளம்பாமல் இருப்பது. 2022 டிசம்பர் 23 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைப் பனிப்புயல் தாக்கியது. காலை 9.30 மணிக்கு வாகனம் ஓட்டத் தடை அமலுக்கு வந்தது. ஒரு மணி நேரம்கூட முன்னறிவிப்பு இல்லை. பலர் அதற்குள் வேலைக்குக் கிளம்பியிருந்தார்கள். பஃபலோ இருக்கும் ஈரி கவுண்டியில் மட்டும் 47 பேர் இறந்தார்கள். சிலருடைய உடல்கள் வாகனங்களில் கிடந்தன. பனிக்குப் பழகிய நகரம் அது.

அரசுகள் இதில் பாடம் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு ஜப்பானே சான்று. 2018 பிப்ரவரியில் ஃபுகுய் மாவட்டத்தில் 1,500 வாகனங்கள் பனியில் சிக்கின. காரிலிருந்த ஒருவர் கார்பன் மோனாக்சைடால் இறந்தார். 2020 டிசம்பரில் நிகாட்டா பகுதியின் கான்-எட்சு விரைவுச்சாலையில் 2,100 வாகனங்கள் இரண்டு நாளுக்கும் மேல் நின்றன. அதுவரை சாலையை முடிந்தவரை மூடாமல் வைத்திருப்பதே கொள்கை. 2021இல் ஜப்பான் அதை மாற்றியது. உயிர்தான் முதன்மை, கனத்த பனி வரும் என்று தெரிந்தால் வாகனங்கள் நுழையுமுன்பே சாலையை மூடு என்பது புதிய கொள்கை. அதைத் திட்டுகிறவர்கள் இருப்பார்கள். திட்டட்டும்.

ஓட்டுநர் உரிமம் வழங்கும் முறையிலும் மாற்றம் தேவை. நார்வேயில் கார் உரிமம் வாங்க, வழுக்கும் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி கட்டாயம். ஸ்வீடனிலும் அப்படியே. கார் பிடிமானம் இழக்கும்போது எப்படி இருக்கும் என்பதைப் புதிய ஓட்டுநர் பாதுகாப்பான இடத்தில், பயிற்சியாளர் பக்கத்திலிருக்க, ஒருமுறையாவது உணர்ந்துவிடுகிறார். ஒண்டாரியோவில் ஜூலை வெயிலில் தேர்வு எழுதி, ஜூலை வெயிலில் ஓட்டிக்காட்டி உரிமம் வாங்கிவிடலாம். நவம்பரில் முதல் பனி விழும்போது அதே உரிமத்தோடு நெடுஞ்சாலை 401இல் இறங்கலாம். ஆண்டுதோறும் வெயில் நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வரவேற்கும் ஒரு மாகாணம் இதை இப்படியே விட்டுவைத்திருப்பது சரியல்ல. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் தமிழ் அமைப்புகள் தங்கள் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் வலியுறுத்த வேண்டிய கோரிக்கை இது.

இந்தியாவிலும் தேவை கூடியிருக்கிறது. 2020 அக்டோபரில் ரோதாங் கணவாய்க்குக் கீழே அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, மணாலியிலிருந்து எந்தச் சிறிய காரும் சுமார் ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடந்து, 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பனிக்குள் போய் நிற்க முடிகிறது. 2024 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன்பு சோலங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் வாகனங்கள் பனியில் சிக்கின. காவல்துறையினர் இரவிலும் வேலை செய்து பயணிகளைப் பத்திரமாக வெளியேற்றினார்கள். அந்தக் காவலர்களின் உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் சங்கிலி கட்டாத, தேய்ந்த டயர் போட்ட கார்களைப் பனி எச்சரிக்கை நாளில் மலையடிவாரத்திலேயே திருப்பி அனுப்பியிருந்தால் அவர்களுக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காது. ஹிமாச்சல் அரசு அந்தச் சோதனையைக் கண்டிப்பாக்க வேண்டும். வாடகைக் கார் தருகிறவர்கள் சாவியோடு ஷவலும் சக்கரச் சங்கிலியும் தரவேண்டும். சங்கிலியை எப்படிக் கட்டுவது என்று அங்கேயே ஒருமுறை கட்டிக்காட்ட வேண்டும்.

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மணாலிப் பயணத்தை விற்கும் சுற்றுலா நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. என்ன கோட்டு எடுத்துவர வேண்டும், எங்கே பனிச்சறுக்கு விளையாடலாம் என்று தமிழில் அச்சிட்டுத் தருகிறார்கள். அதே தாளின் பின்பக்கத்தில் நான்கு வரி சேர்க்கச் செலவு ஒன்றும் ஆகாது: கார் நின்றுவிட்டால் முதலில் சைலன்சரைச் சுற்றிப் பனியை அகற்றுங்கள், இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள், காரை விட்டுப் போகாதீர்கள், 112ஐ அழையுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு முன்பணம் வாங்கும் நாளிலேயே அந்தத் தாள் பயணியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.